ஆற்காட்டில் அடிக்காத ஆற்காடு ரூபாய்

ஆற்காடு ரூபாய், 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வங்காளம் வரை செல்லுபடியான வெள்ளி நாணயம். எடை 11 கிராமுக்குச் சற்று மேல். அகலத்தில் இன்றைய ஒரு ரூபாயை ஒட்டி வரும். தடிமன் மட்டும் அதிகம். இரு பக்கமும் பாரசீக எழுத்து. ஒரு பக்கம் டில்லி பாதுஷாவின் பெயர். மறுபக்கம் ஆட்சியாண்டும் 'ஆற்காட்டில் அடித்தது' என்ற வாசகமும். அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த நாணயம் சென்னையிலும் புதுச்சேரியிலும் அடிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் கல்கத்தாவில்கூட அடிக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கும் அதே லட்சணம்தான். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆற்காடு ரூபாயில் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற எண்கள் ஒரு கட்டத்தில் உறைந்துபோய், 1835 வரை அப்படியே தொடர்ந்தன. அதில் பெயர் பொறிக்கப்பட்ட பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் 1759 நவம்பரிலேயே டில்லியில் கொலையுண்டவர்.

ஊரும் பொய், ஆண்டும் பொய், ஆளும் பாதுஷாவும் பொய். வெள்ளி மட்டும் மெய். அது போதும் என்று சந்தை ஏற்றுக்கொண்டது.

இந்த ரூபாயின் கதையில் ஆம்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே நவாபு காலத்து நினைவு பெரும்பாலும் பிரியாணி அண்டாவோடு நின்றுவிடுகிறது. நவாபின் சமையற்கட்டிலிருந்து வந்த கைப்பக்குவம் என்று ஊரே சொல்லும். ஆற்காட்டு நவாபு ஒருவர் போர்க்களத்தில் உயிரை விட்டது இதே ஆம்பூரில்தான் என்பதும், ஆற்காட்டு நவாபுகளின் சீமையான கர்நாடகத்தில் யார் அடிக்கும் நாணயம் ஓட வேண்டும் என்ற வழக்கில் அந்தச் சாவு ஒரு திருப்பமாக அமைந்ததும் அதிகம் பேசப்படுவதில்லை.

வராகன் முந்தியது

வெள்ளி ரூபாய் இந்த வட்டாரத்துக்குப் பிற்பாடு வந்த விருந்தாளி. பாலாற்றங்கரையில் பெரிய பணம் என்றால் அது தங்க வராகன்தான். விஜயநகர அரசின் கடைசி மரபான ஆரவீடு அரசர்கள் சந்திரகிரியிலிருந்து வேலூருக்குத் தலைநகரை மாற்றியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர்களில் பேர்பெற்ற வேங்கடபதி ராயர் (1586–1614) வெளியிட்ட வராகனில் தோரணத்துக்குள் பெருமாள் நிற்பார். பின்பக்கம் வேங்கடேசுவரரை வணங்கும் நாகரி வாசகம். எடை 3.4 கிராம் அளவில். நாடு சிதறிய பின்னும் இந்த அச்சு சிதறவில்லை. பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் வராகன், பெருமாள் மட்டும் நிற்கும் வராகன் என்று நாயக்கர்களும் பாளையக்காரர்களும் ஐரோப்பியரும் ஆளுக்கொன்றாக அடித்துக்கொண்டார்கள்.

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் மனைக்கட்டு எழுதிக் கொடுத்தபோதே, நாணயம் அடிக்கும் உரிமையும் அந்தச் சாசனத்தில் இடம்பெற்றது. 1645இல் அதை உறுதிசெய்தவர் விஜயநகரத்தின் கடைசி அரசர்களில் ஒருவரான மூன்றாம் ஸ்ரீரங்கர். கம்பெனியார் கோட்டைக்குள் தங்கசாலை வைத்து, கிறித்தவ வியாபாரிகளான தாங்களே பெருமாள் உருவம் போட்ட வராகனை அடித்தார்கள். அதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கப் பெருமாள் வேண்டும்; எனவே பெருமாள். பின்னாளில் அவர்கள் பின்பக்கத்தில் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் கம்பெனிக் கணக்குப் புத்தகங்களை நிறைத்த நட்சத்திர வராகன்.

நவாபின் ஊர், நவாபின் அச்சு

ஔரங்கசீப்பின் படை செஞ்சியை 1698இல் பிடித்த பிறகுதான் இந்தப் பகுதி மொகலாயக் கணக்கில் ஏறியது. செஞ்சியின் தண்ணீரும் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை. தாவூத் கான் பன்னி நிர்வாகத்தைப் பாலாற்றின் தென்கரையில் உள்ள ஆற்காட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்து வந்த சாதத்துல்லா கான் 1710 முதல் 1732 வரை நவாபாக இருந்து ஊரை நிலைநிறுத்தினார். மொகலாய வழக்கப்படி வரியும் சிப்பாய்ச் சம்பளமும் வெள்ளி ரூபாயில். ஆகவே ஆற்காட்டிலும் தங்கசாலை எழுந்தது. வராகன் கணக்கு பழகிய நாட்டில் ரூபாய்க் கணக்கும் சேர்ந்துகொண்டது.

நாணயம் அடிக்கும் உரிமை நவாபுக்குச் சுளையாக வருமானம் தரும் சங்கதி. உலோகம் கொண்டுவரும் வியாபாரி தங்கசாலைக்கு அடிகூலியும் சர்க்காருக்குப் பங்கும் கொடுத்தாக வேண்டும். அதனால் ஐரோப்பியர் வெள்ளிப் பாளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, நவாபின் தங்கசாலைக்குக் கொடுத்து, ரூபாயாக்கி வாங்கும்போது கை கடித்தது. தாங்களே அடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் அந்தச் செலவு மிச்சம்.

முந்திக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரி ஆளுநர் துய்மா 1736இல் நவாபு தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்றார்.  புதுச்சேரியில் அடித்த ரூபாயிலும் ஊர்ப்பெயர் ஆற்காடு என்றே இருந்தது. அடையாளத்துக்கு ஒரு பிறை மட்டும் சேர்த்தார்கள். வெள்ளி ரூபாயில் பாரசீகம் பேசிய அதே பிரெஞ்சுக்காரர்கள் சில்லறைச் செப்புக் காசில் தமிழ் பேசினார்கள் என்பதைச் சேகரிப்பாளர்கள் ரசித்துச் சொல்வார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லி மலர், மறுபக்கம் 'புதுச்சேரி' என்று மூன்று வரியில் தமிழ். ரூபாய் சிப்பாய்க்கும் சவுகாருக்கும் போவது. செப்புக் காசு கத்தரிக்காய் வாங்குவது. யாருக்கு எந்த எழுத்து என்பதில் தெளிவாக இருந்தார்கள்.

ஆங்கிலேயருக்கு அந்த வாய்ப்பு 1742இல் வந்தது. அந்த ஆண்டு நவாபு குடும்பம் இருந்த நிலையை ஒரு கொலையே சொல்லிவிடும். தோஸ்த் அலி 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரோடு போரிட்டு மாண்டார். பட்டத்துக்கு வந்த மகன் சப்தர் அலி, மராத்தியருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட பணத்தைத் திரட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். 1742 அக்டோபரில் வேலூரில் வைத்து, கோட்டைக்கு உரியவரும் மைத்துனருமான முர்தசா அலியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். ஆற்காட்டுக்குப் போய் நவாபாகப் பறைசாற்றிக்கொண்ட முர்தசா அலி, எதிர்ப்பு கிளம்பியதும் பெண் வேடத்தில் மூடுபல்லக்கில் ஏறி வேலூருக்கே திரும்பி ஓடினார். இந்தக் குழப்ப ஆண்டில்தான் கம்பெனிக்கு வேப்பேரி, பெரம்பூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்களும் ஆற்காடு ரூபாய் அடிக்கும் உரிமையும் கிடைத்தன. கோட்டைத் தங்கசாலை போதாமல் சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டாவது தங்கசாலை திறந்தார்கள். கம்பெனி ரூபாய்க்கு அடையாளம் தாமரை.

ஆம்பூர், 1749

1744இல் ஐதராபாத் நிஜாம், ஆற்காட்டுக்கு அன்வருதீன் கானை நியமித்தார். பழைய நவாபு குடும்பத்து மருமகனான சந்தா சாகிப் இதை ஏற்கவில்லை. 1748இல் நிஜாம் இறந்ததும் அவருடைய பேரன் முசபர் ஜங் தக்காணத்துக்கு உரிமை கொண்டாட, சந்தா சாகிப் ஆற்காட்டுக்கு உரிமை கொண்டாட, இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். புதுச்சேரி ஆளுநர் துப்ளே படை கொடுத்தார். மைசூர்ப் பக்கமிருந்து கணவாய் இறங்கி வரும் வழியை மறித்து, ஆம்பூர் துருக்கத்து மலைக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே அன்வருதீன் அணி வகுத்தார். 1749 ஆகஸ்டு 3ஆம் தேதி சண்டை. முதியவரான நவாபு யானை மேலிருந்தபடி குண்டடிபட்டு மாண்டார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார்.

ஆம்பூர்ச் சண்டையைப் பாடப் புத்தகங்கள் பிரெஞ்சு, ஆங்கிலப் போட்டியின் ஒரு வரியாகக் கடந்துவிடுகின்றன. நாணய வரலாற்றில் அதற்குக் கூடுதல் இடம் உண்டு. 1750 டிசம்பரில் புதுச்சேரியில் தக்காணச் சுபேதாராகக் கொலுவேறிய முசபர் ஜங், துப்ளேக்குக் கொடுத்த வரிசைகளில் ஒன்று, கர்நாடகம் முழுவதும் புதுச்சேரியில் அடித்த நாணயமே ஓட வேண்டும் என்ற ஆணை. காகிதத்தில் பார்த்தால், சென்னைத் தங்கசாலையின் கழுத்தில் கத்தி. இரண்டே மாதத்தில், 1751 பிப்ரவரியில், கடப்பைச் சீமையில் முசபர் ஜங் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் பிற்பாதியில் ஆங்கிலக் கம்பெனிப் படையின் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அடுத்த ஆண்டு சந்தா சாகிப் தலை போயிற்று. முகமது அலி நவாபானார்; ஆணை வெறும் காகிதமாயிற்று.

ஆம்பூருக்கு எல்லைப்புற ஊர் என்ற தலைவிதி அதோடு தீரவில்லை. 1767 இறுதியில் ஐதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட் தலைமையில் சிறு காவற்படை தாங்கிப் பிடித்தது. டிசம்பரில் கர்னல் ஜோசப் சுமித் வந்து மீட்டார். காவலில் நின்ற சென்னைச் சிப்பாய்ப் படைக்கு ஆம்பூரின் பெயரையும் மலைக்கோட்டையின் உருவத்தையும் கொடியில் தாங்கும் கௌரவம் கிடைத்தது. நவாபின் சீமையும் மைசூரின் பாரமகாலும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆம்பூருக்குக் கிழக்கே ஆற்காடு ரூபாயும் நட்சத்திர வராகனும். மேற்கே மலைக்கு அப்பால் சிவனும் பார்வதியும் அமர்ந்த ஐதரின் தங்க வராகன், பின்னர் திப்புவின் யானை பொறித்த செப்புக் காசு. இந்த வழியில் மாட்டு வண்டி ஓட்டிய வியாபாரிக்கு முடிச்சுக்குள் இரண்டு நாட்டு நாணயமும் இருந்தாக வேண்டும்.

1780 நவம்பரில் ஐதர் ஆற்காட்டையே பிடித்துக்கொண்டார். ஊர் எதிரி கையில். சென்னையில் அடித்த ரூபாயில் ஊர்ப்பெயர் மட்டும் ஆற்காடாகவே தொடர்ந்தது.

அடிக்கும் முறை

வெள்ளி முதலில் ஈயத்தோடு சேர்த்து உருக்கப்படும். துருத்திக் காற்று பட்டுக்கொண்டே இருக்க, ஈயம் கழன்று, மற்ற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு சாம்பல் பூசிய கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மேலே சுத்த வெள்ளி பளிச்சென்று நிற்கும். அதில் அளவாகச் செம்பு சேர்த்துக் கம்பியாக வார்த்து, துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டும் தராசில் ஏறி இறங்கும். கனம் கூடினால் உளியால் செதுக்கல், குறைந்தால் மறுபடி உலைக்கு. பிறகு காய்ச்சித் தட்டி வட்டமாக்கி, புளிக் கரைசலில் போட்டு அழுக்கெடுத்தால் வில்லை தயார்.

அச்சு இரண்டு. கீழச்சு கனத்த கட்டையில் பதித்தது; மேலச்சைக் கையால் பிடிக்க வேண்டும். ஒருவர் வில்லையை வைத்து மேலச்சைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியை இறக்குவார். ஒரே அடி. பிடிப்பவரின் விரலும் அடிப்பவரின் குறியும் தவறக் கூடாது. அச்சின் முகம் வில்லையைவிட அகலம் என்பதால் முழு வாசகமும் எந்த நாணயத்திலும் விழாது. ஒன்றில் பாதுஷா பெயரின் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி. ஊர்ப்பெயர் முழுசாக விழுந்த ரூபாய்க்குச் சேகரிப்பாளர்கள் இன்று கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான். ஒரு ரூபாயை வைத்து வாசகத்தைப் படிக்க முடியாது. நாலைந்தைப் பக்கத்தில் பரப்பினால்தான் வரி கூடும்.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. தமிழகத்தில் சொல்லும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டி, ஸ்பானிய டாலராக உலகைச் சுற்றிய வெள்ளிதான் ஆற்காடு ரூபாயின் மூலப்பொருள். ஒரு பங்கு லண்டன் வழியாகக் கம்பெனிக் கப்பலில் வந்தது. இன்னொரு பங்கு பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து சென்னை வியாபாரிகளின் துணி மூட்டைக்கு மாற்றாக இறங்கியது. மணிலா வியாபாரத்தில் செழித்த அர்மீனியர்களில் ஒருவர், சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான்.

சராப்பின் கண்

தங்கசாலை அடித்துவிட்டால் மட்டும் நாணயம் ஆகிவிடாது. சராப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் பலகையும் தராசும் உரைகல்லும் வைத்து உட்கார்ந்திருக்கும் சராப்பு, ரூபாயைக் கல்லில் சுண்டிச் சத்தம் கேட்பார். விளிம்பை விரலால் தடவி, சுரண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் உளியால் ஒரு கீறல். உள்ளே செம்பு தெரிந்தால் குட்டு வெளிப்பட்டது. சரியாக இருந்தால் தன் குறியை ஓரத்தில் தட்டிவிடுவார்: ஒரு நட்சத்திரம், ஒரு பூ, ஓர் எழுத்து. பல கை மாறிய ஆற்காடு ரூபாயில் இப்படி அம்மைத் தழும்பு போலக் குறிகள் நிறைந்திருக்கும். சுத்தமான நாணயம் தேடுகிறவர்கள் இந்தக் குறிகளைக் குறையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் பாதுஷாவின் பெயரைவிட அந்த ரூபாயை ஓட வைத்தவை இவைதான்.

சராப்பின் கூலி 'வட்டம்'. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும்போது பிடிக்கும் தள்ளுபடி. ஊர் மாறினால் வட்டம், ஆண்டு மாறினால் வட்டம், தேய்ந்தால் வட்டம். புது ஆண்டு ரூபாய்க்கு உயர்ந்த மதிப்பு. ஓராண்டு, ஈராண்டு ஆனதும் அதே வெள்ளிக்குக் குறைந்த மதிப்பு. கம்பெனி ஆண்டெண்ணை உறையவைத்ததன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. எல்லா ரூபாயும் ஆறாம் ஆண்டு ரூபாயே என்றால் பழசு, புதுசு என்று பிரித்துத் தள்ளுபடி கேட்க வழியில்லை. வங்காளத்திலும் பின்னர் இதே தந்திரத்தைக் கையாண்டு, 19ஆம் ஆட்சியாண்டு என்ற எண்ணோடு சிக்கா ரூபாயை நிறுத்திவைத்தார்கள்.

வங்காளத்தில் ஆற்காடு ரூபாய் பட்ட பாடு வேறு. முர்ஷிதாபாத் தங்கசாலை ஜகத் சேட் என்ற லேவாதேவிக் குடும்பத்தின் பிடியில் இருந்தது. அங்கே நாணயம் அடிக்க ஆங்கிலேயர் கேட்டுப் பார்த்தும் அந்தக் குடும்பம் விடவில்லை. எனவே சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயைப் பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து சந்தர்நாகருக்கு அனுப்பினார்கள். அங்கே போய் இறங்கியதும் ஜகத் சேட் ஆட்கள் சொன்ன வட்டத்துக்குத் தலையசைக்க வேண்டியதுதான். 1757 பிப்ரவரியில் வங்காள நவாபு சிராஜ் உத் தௌலாவோடு செய்த உடன்படிக்கையில் கல்கத்தாவில் நாணயம் அடிக்கும் உரிமையை ஆங்கிலேயர் எழுதி வாங்கிக்கொண்டது சும்மா இல்லை.

உள்ளூர்க் கணக்கும் லேசானதல்ல. கம்பெனி ஏட்டில் 1 வராகன் 42 பணம். 1 பணம் 80 காசு. அதாவது வராகனுக்கு 3,360 காசு. ரூபாய்க்கு 12 பணம். மூன்றரை ரூபாய் சேர்ந்தால் 1 வராகன். இது ஏட்டுக் கணக்கு. கடைத்தெருவில் தங்கம் ஏறினால் வராகன் ஏறும், வெள்ளி வந்து குவிந்தால் ரூபாய் இறங்கும், செம்பு தட்டுப்பாடானால் காசு ஏறும். மூன்று உலோகமும் மூன்று திசையில் இழுத்தன. ஷூ பில்லை யூரோவில் போட்டு, கூலியை ரூபாயில் கொடுக்கும் இன்றைய ஆம்பூர் ஏற்றுமதியாளர் காலையில் எழுந்ததும் மாற்று மதிப்பைப் பார்ப்பதுபோல, அன்றைய தோல், துணி வியாபாரியும் சராப்பின் திண்ணையில் அன்றைய வட்டத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருப்பார்.

தங்கப் பணம் இதில் ஒரு தனி வேடிக்கை. எடை கிராமில் மூன்றிலொரு பங்கு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. எண்ணவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அதற்கென்றே வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடைந்த மரப்பலகை உண்டு. ஒரு பிடி பணத்தைக் கொட்டிப் பலகையை அசைத்தால் குழிக்கு ஒன்றாகப் போய் உட்காரும். மிச்சத்தைத் தட்டிவிட வேண்டியதுதான். குழிகளின் எண்ணிக்கை தெரிந்ததால் பணத்தின் எண்ணிக்கை தெரிந்தது. திருவிதாங்கூரில் சக்கரம் எண்ணப் பயன்பட்ட இத்தகைய பலகைகள் அருங்காட்சியகங்களில் இன்னும் இருக்கின்றன.

கடன்பட்ட நவாபு

ஆம்பூர்ச் சண்டையில் தப்பிய முகமது அலி, வாலாஜா என்ற பட்டத்தோடு 1795 வரை நவாபாக இருந்தார். வாலாஜாபேட்டை அவர் பெயரால் ஆனது. 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறிவிட்டதால் ஆற்காடு பெயரளவில்தான் தலைநகர். போர்ச் செலவுக்கு என்று கம்பெனி எழுதிய பற்று ஒருபுறம். கம்பெனி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் கொடுத்த வட்டிக்கடன் மறுபுறம். பால் பென்பீல்டு போன்றவர்கள் சென்னையில் சம்பள வேலைக்கு வந்து, நவாபுக்குக் கடன் கொடுத்துக் குபேரர்களாகி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே ஆள் சேர்த்தார்கள். 1785 பிப்ரவரி 28இல் எட்மண்டு பர்க் நவாபின் கடனைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை பெயர்பெற்றது. கடனுக்கு ஈடாகச் சீமை சீமையாக வரி வசூல் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த வராகன்களை விளைவித்தவர்கள் ஆற்காட்டுச் சீமைக் குடியானவர்கள். பர்க்கின் உரை லண்டனில் நடந்தபோது அவர்களுக்கு அது எட்டியிருக்க வழியில்லை. 1801 ஜூலை 31இல் உடன்படிக்கை ஒன்றின் வழியே கர்நாடகம் கம்பெனி வசமானது. நாணயத்தில் ஆற்காடு என்ற பெயர் அப்போதும் போகவில்லை.

இயந்திரமும் மூழ்கிய கப்பலும்

சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கம்பெனி பர்மிங்காமை நாடியது. மாத்யூ போல்டனின் சோகோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்த 1, 5, 10, 20 காசு நாணயங்கள் 1803ஆம் ஆண்டிட்டு வந்தன. கம்பெனியின் சின்னம் ஒரு பக்கம், பாரசீகத்தில் மதிப்பு மறுபக்கம். எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம். சம்மட்டி அடியில் பிறந்த கோணல் காசுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை எப்படித் தெரிந்தனவோ. 1808ஆம் ஆண்டிட்ட 10, 20 காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்டனர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்து அந்தக் காசுகளை ஏராளமாக எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவுக்கு வரவேண்டிய சில்லறை ஒருமுறைகூடக் கைமாறாமல், பளபளப்பு மாறாமல், இன்று உலகச் சேகரிப்பாளர்களிடம் மலிவாகக் கிடைக்கிறது.

சென்னைத் தங்கசாலையிலும் 1807 வாக்கில் இயந்திரம் வந்தது. பெஞ்சமின் ரோபக் பொறுப்பில் புதிய அடிப்பு தொடங்கியது. அவசரத்தில் ஸ்பானிய டாலரை உருக்காமலே வைத்து, மேலே புது அச்சை இறக்கினார்கள். இரட்டை ரூபாய் இப்படிப் பிறந்தது. அரை வராகனும் இப்படித்தான். வராகன் என்று பெயர் இருந்தாலும் இது வெள்ளி. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழக் கோபுரம், மறுபக்கம் புள்ளி வட்டத்துக்குள் சுவாமி. சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்திலும் மதிப்பு. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சில நாணயங்களில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய அரசர் கார்லோசின் பெயரெழுத்தும் மாலையணிந்த தலையும் மங்கலாகத் தெரியும். கோபுரமும் ஸ்பானிய அரசனும் ஒரே வெள்ளி வில்லையில். தமிழகத்து நாணயங்களில் இதற்கு நிகரான விசித்திரம் குறைவு.

ஆற்காடு ரூபாயும் இயந்திரத்துக்கு மாறியது. வட்டம் நேரானது, விளிம்பில் சுரண்டலைத் தடுக்கும் வரிகள் ஏறின. வாசகம் முதன்முறையாக முழுசாக விழுந்தது: இறந்த பாதுஷா, ஆறாம் ஆண்டு, ஆற்காடு. இயந்திரம் வந்தும் பொய்யைத் திருத்தவில்லை, தெளிவாக அச்சிட்டது.

1818இல் வராகன் கணக்கு முடிவுக்கு வந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றி, 180 கிரெய்ன் எடையுள்ள வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக்கினார்கள். 180இல் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி. 1820களிலும் 1830களிலும் இதே ஆற்காடு ரூபாய் கல்கத்தாவில் ரோஜாக் குறியோடு அடிக்கப்பட்டது. 1835இல் வந்த நாணயச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாயை விதித்தபோது, எடுத்துக்கொண்ட எடையும் தரமும் சென்னை ரூபாயினுடையவை: 180 கிரெய்ன், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பாரசீக எழுத்தில் இருந்த பாதுஷா பெயர் இறங்கி நான்காம் வில்லியமின் தலை ஏறியது. ஆற்காடு என்ற பெயர் நாணயத்திலிருந்து மறைந்தாலும், பாலாற்றங்கரையில் பழகிய எடையும் தரமும் ஒட்டிய ஒன்றே நாடு முழுவதற்கும் ரூபாயாயிற்று.

சென்னைத் தங்கசாலை 1869இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெருவின் வடகோடிக் கட்டடம் பின்னர் அரசு அச்சகத்துக்குப் போனது. நாணயத்தை நாடி வந்த சவுகார்களின் தெருக்கள் சவுகார்பேட்டையாக அருகிலேயே நிலைத்துவிட்டன. ஆற்காடு ரூபாயையும் வராகன்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போகலாம். ஆம்பூர்க்காரர்களுக்கு அதைவிடப் பக்கம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம்.

அடித்தளம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ நாணயக் குடம் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் பொருந்தும். 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் எதுவானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. ஆட்சியர் விசாரித்து, வேறு உரிமையாளர் இல்லையென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது பொதுவிதி. அரசு தானே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.  ஆற்காடு ரூபாயின் சந்தை விலை உலோக மதிப்பை விட எவ்வளவு கூடும் என்பது, ஊர்ப்பெயர் எத்தனை எழுத்து விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.